ராணி கேட்ட ஊற்று

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாளில், வீரகேது என்ற ராஜா ஒரு நாட்டை ஆண்டு வந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். நான் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லப் போய், அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர்தான். அவருக்குக் கோபம் வந்தால் வந்த வேகத்திலேயே போய்விடும். ஆசை வந்தால் மட்டும் லேசில் போகாது.

அப்படி ஓர் ஆசை வந்துதான் அவர் கல்யாணமே செய்துகொண்டார். ஒரு சித்திரை மாத வெயிலில் வேட்டைக்குப் போனவர், கூட வந்த ஆட்களைத் தவறவிட்டு, நாக்கு வறண்டு, தெற்கே போகும் பெருவழியில் ஒற்றைப்பாறை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே சாலையோரத்தில், பாறைக்கு அடியில் ஓர் ஊற்று இருந்தது. ஒரு முறத்தின் அகலம்தான் இருக்கும். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, வந்தவர் யார் என்றுகூடக் கேட்காமல், "கையை ஏந்துங்க" என்று சொல்லிக் கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். ராஜா குடித்தார். வயிறு நிறைந்த பிறகும் ஏந்திய கையை இறக்கவில்லை. "போதும்யா, குதிரைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

அவள் பெயர் வெள்ளாயி. அந்தப் பெயரோடு ஒருத்தி ராணியாக இருக்கலாமா என்று ஆஸ்தானப் புலவருக்கு மனம் ஆறவில்லை. தவளம் என்றால் வெண்மை என்று விளக்கம் சொல்லி, 'தவளாம்பிகை' என்று பெயரை மாற்றி வைத்தார். சபையே ஆகா என்றது.

அந்தச் சபையில் கோணையன் என்று ஒரு விகடகவி இருந்தான். அவன் எழுந்து கும்பிட்டு, "மன்னா, தவளை என்று பேரும் வைத்துவிட்டு, தண்ணீரிலிருந்தும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்களே!" என்றான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ராஜா சிரித்ததைப் பார்த்துவிட்டுப் பிரதானி மகுடநாதரும் சிரித்தார். பிரதானியின் வழக்கம் அது. ராஜாவுக்கு முன்னால் அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. தன்னால் ராஜாவை ஒரு தடவைகூடச் சிரிக்கவைக்க முடியவில்லையே என்ற வயிற்றெரிச்சலில், கோணையனை எப்போது ஊரைவிட்டு அனுப்பலாம் என்று அவர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சிரிக்காதவள் ராணி மட்டும்தான். கோணையன் சொன்னது அவளுக்கு வேடிக்கையாகப் படவில்லை.

ஆறு மாதம் போயிற்று. ராணி இளைத்துக்கொண்டே வந்தாள். அரண்மனையில் அவளுக்கு எதுவும் குறைவில்லை. தாகம் என்று அவள் நினைப்பதற்குள் பொற்கிண்ணத்தில் தண்ணீர் வந்து நிற்கும். ராணியின் கை குடத்தைத் தொடக்கூடாது, கயிற்றைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அங்கே சட்டம். அவள் ஒரு வாய் குடிப்பாள், கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவாள். வைத்தியர்கள் நாடி பார்த்துக் கஷாயம் கொடுத்தார்கள். அதிலும் ஒரு வாய்தான். சிரிப்பு என்பது அறவே நின்றுபோனது. எந்தச் சிரிப்புக்காக ராஜா அவளைக் கூட்டிவந்தாரோ, அதைக் கேட்க முடியாமல் அவரும் பாதியானார்.

ஒருநாள் பகலில் ராணி அரைத்தூக்கத்தில் இருந்தாள். ராஜா பக்கத்தில் உட்கார்ந்து, "தேவி, உனக்கு என்னதான் வேண்டும்?" என்று மெல்லக் கேட்டார். கண்ணைத் திறக்காமலே அவள் உதடு அசைந்தது.

"ஊத்து..."

ராஜா துள்ளி எழுந்தார். சபைக்கு ஓடிவந்து, "ராணிக்கு ஒற்றைப்பாறை ஊற்றின் நினைவு வந்துவிட்டது! அந்தத் தண்ணீர் உடனே வரவேண்டும்!" என்று ஆணையிட்டார்.

பிரதானிக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? அன்று மாலையே ஒற்றைப்பாறையில் முள்வேலி போட்டார். நாலு காவலரை நிறுத்தினார். 'இன்று முதல் இது ராணியாரின் ஊற்று, வேறு எவரும் நெருங்கக்கூடாது' என்று பறை அடித்துச் சொல்ல வைத்தார். மறுநாள் காலையில் வெள்ளிக்குடத்தில் தண்ணீர் வந்தது, வெட்டிவேர் மணக்க மணக்க.

ராணி ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது. "இது எங்க தண்ணியா மகாராசா? சேத்து வாடை அடிக்குதே" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கட்டிவிட்டது. மறுநாள் வந்த குடமும் அப்படியே திரும்பியது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

ராஜாவின் கோபம் பிரதானியின் பக்கம் திரும்பியது. பிரதானி அதை அழகாகத் தள்ளிவிட்டார்.

"மன்னா, தேவியார் கேட்டது தண்ணீரை அல்லவே? ஊற்றையே அல்லவா கேட்டார்கள்? ஊற்று இங்கே வந்தால்தான் தேவியாரின் ஏக்கம் தீரும். அது எங்களைப் போன்றவர்களால் ஆகிற காரியமில்லை. தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்று சொல்லிக்கொள்ளும் கோணையனிடம் ஒப்படையுங்கள்."

ஏக்கத்தில் இருப்பவருக்கு எது சொன்னாலும் நியாயமாகத்தான் தெரியும். ராஜா அப்போதே ஓலை எழுதச் சொன்னார். 'ஒற்றைப்பாறை ஊற்றை மூன்று நாளுக்குள் அரண்மனைக்குக் கொண்டுவந்து ராணியாருக்கு அளிக்க வேண்டியது. தவறினால் கோணையன் நாட்டைவிட்டுப் போக வேண்டியது.' முத்திரையும் விழுந்தது. கோணையன் ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபேச்சுப் பேசாமல் புறப்பட்டான்.

அவன் ஒற்றைப்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வேலிக்கு உள்ளே ஒரு காவலன் குடத்தை இடுக்கிக்கொண்டு, தானே குனிந்து, ஊற்றின் அடிவரை சட்டியை விட்டு வாரி வாரி ஊற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது.

"என்னப்பா, சேறும் சேர்ந்தல்லவா வருகிறது?" என்றான் கோணையன்.

"துணியில வடிகட்டிருவோம் சாமி. மேல வெட்டிவேரைப் போட்டா ஒண்ணும் தெரியாது."

வேலிக்கு வெளியே ஓர் இளம்பெண் காலிக் குடத்தையும் ஒரு கொட்டாங்கச்சியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் எல்லாரும் இரண்டு கல் தூரம் நடந்து, குளத்துத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். கோணையன் அவள் பக்கத்தில் போய் நின்று, அரண்மனையிலிருந்து வருவதாகச் சொன்னான். அவள் சட்டென்று எழுந்தாள்.

"அரண்மனையா? அப்ப வெள்ளாயியைத் தெரியுமா சாமி? நான் ஆராயி. அவ கூட்டாளி. அவ எப்படி இருக்கா? நல்லா தடிச்சிருப்பாளே?"

"இல்லை அம்மா. இளைத்துப் போயிருக்கிறார். தண்ணீரே குடிப்பதில்லை."

"ஏன், அங்க தண்ணி இல்லையா?" என்று ஆராயி கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கவலையோடு கேட்டாள்.

கோணையன் பேச்சை மாற்றி, "எல்லாரும் குளத்துக்குப் போய்விட்டார்கள், நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்றான்.

"அந்த ஆளு தண்ணி மொள்ளுறதைப் பாக்கச் சகிக்கல. ஆனா விட்டுட்டுப் போகவும் மனசு வரல. எங்க ஊத்துல யாரும் தன் குடத்துக்குத் தானே மொள்ள மாட்டோம் சாமி. முன்னால நிக்கிறவ குடத்தைப் பிடிச்சுக்கணும். பின்னால நிக்கிறவதான் மொண்டு ஊத்தணும்."

"கடைசியில் நிற்பவளுக்கு?"

"முன்னால ரொப்பினவ குடத்தை இறக்கி வச்சுட்டு வந்து ஊத்துவா. ஒத்தையா வந்துட்டா, பாதையில யாராவது வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும். வண்டிக்காரரு, வளையல் விக்கிறவரு, யாரா இருந்தாலும் ஊத்திட்டுத்தான் போவாங்க."

"இது என்ன வழக்கம்?"

"தன் குடம்னா கை அவசரப்படும். ஆழமா முக்கும், சேறு கலங்கிரும். அடுத்தவ குடம்னா கை தன்னால மேலாப்ல மொள்ளும். ஊறுறதே இத்துனூண்டு தண்ணிதானே?"

ஆராயி வேலிக்குள் இருந்த ஊற்றைப் பார்த்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"நானும் வெள்ளாயியும் எப்பவும் கடைசியிலதான் நிப்போம். முன்னால நின்னா சீக்கிரமா வீட்டுக்குப் போவணுமே. நான் குடத்தைப் பிடிச்சுக்கிட்டு 'ஊத்து'ம்பேன். உடனே ஊத்த மாட்டா அவ. சும்மா நின்னுக்கிட்டுச் சிரிப்பா. நான் நாலு திட்டு திட்டின பொறவுதான் ஊத்துவா. அப்புறம் அவ முறை. அவ 'ஊத்து'ன்னா நானும் அதே மாதிரி நிப்பேன். இப்பவும் மத்தவங்க ஊத்தத்தான் செஞ்சாங்க, வேலி போடுற வரைக்கும். குடம் நிறையும், தூக்கிக்கிட்டுப் போவேன். அவ்வளவுதான்."

கோணையன் மடியிலிருந்த ஓலையை எடுத்து மறுபடியும் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மலர்ந்தது. "ஆராயி, உன் குடத்தையும் அந்தக் கொட்டாங்கச்சியையும் எடுத்துக்கொண்டு என்னோடு வருகிறாயா? வெள்ளாயியைப் பார்க்கலாம்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் குடம் இடுப்புக்கு ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் சபை நிரம்பி வழிந்தது. கோணையன் மூட்டை முடிச்சோடு போவதைப் பார்க்க வேண்டும் என்று பிரதானி தம் வீட்டு ஆட்களைக்கூட வரவழைத்திருந்தார். ராணி வந்து ராஜாவின் பக்கத்தில் அமர்ந்தாள். எங்கேயும் பார்க்காத பார்வையாக இருந்தது அது.

"கோணையா, ஊற்று எங்கே?" என்றார் ராஜா.

"இதோ வந்துவிடும் மன்னா. அதற்கு முன் அரண்மனைக் கிணற்றிலிருந்து ஓர் அண்டா தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைக்கச் சொல்ல வேண்டும்."

அண்டா வந்தது. கோணையன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். ஆராயி உள்ளே வந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று வழியெல்லாம் அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆனாலும் அத்தனை பெரிய சபையைப் பார்த்ததும் அவள் குடத்தை இறுக்கிக்கொண்டாள். சிம்மாசனத்தில் நகையும் பட்டுமாக இருந்த உருவத்தைப் பார்த்தாள். அது வெள்ளாயிதானா என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ராஜாவுக்குக் கும்பிடுகூடப் போடாமல் அண்டாவின் அருகில் போய், கொட்டாங்கச்சியைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து, குடத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஊத்து."

சபை திடுக்கிட்டது. "யாரை ஏவுகிறாள் இவள்!" என்று பிரதானி கத்தினார். வாயிற்காவலன் வாளில் கை வைத்தான். ராஜா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார், ஏனென்றால் ராணி எழுந்துவிட்டாள்.

அவள் படிகளில் இறங்கி வந்தாள். தரையில் கிடந்த கொட்டாங்கச்சியை எடுத்தாள். அண்டாவில் மொண்டாள். மொண்டவள் ஊற்றவில்லை, அப்படியே நின்றாள்.

"ஊத்துடி! எம்புட்டு நேரம் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறது? இடுப்பு கழண்டு விழுதுடி!"

ராணி சிரித்தாள். ஆறு மாதமாக அடைத்திருந்த சிரிப்பு அது, நிற்கவே மாட்டேன் என்றது. சிரித்துக்கொண்டே ஊற்றினாள். பாதி குடத்துக்குள் போயிற்று, பாதி ஆராயியின் தலையில் போயிற்று. குடம் நிறைந்ததும் ராணி இரண்டு கையையும் ஏந்தி, "இப்ப எனக்கு ஊத்து" என்றாள். ஆராயி ஊற்ற ஊற்றக் குடித்தாள். முழங்கை வழியாக ஒழுகிப் பட்டெல்லாம் நனைந்தது. ராஜா சிம்மாசனத்தின் விளிம்புக்கே வந்துவிட்டார்.

"கோணையா, ஊற்றுத் தண்ணீரையே தொடாதவள் கிணற்றுத் தண்ணீரை இப்படிக் குடிக்கிறாளே!"

"மோசடி மன்னா, மோசடி!" என்று பிரதானி குறுக்கிட்டார். "ஒற்றைப்பாறை ஊற்றைக் கொண்டுவர வேண்டும் என்பது ஆணை. இவன் கொண்டுவந்தது ஒரு குடத்தையும் ஒரு பெண்ணையும்."

"பிரபு, ஆணையில் உள்ளதைத்தான் கொண்டுவந்தேன். ஒற்றைப்பாறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லப்படும் 'ஊற்று' இதுதான். சபையில் உள்ள அத்தனை காதும் அதைக் கேட்டது. ஊற்று என்றால் நீர் சுரக்கும் இடம் என்று மட்டும்தான் பொருளா என்று ஆஸ்தானப் புலவரைக் கேளுங்கள்."

புலவர் பிரதானியின் பக்கத்து ஆள்தான். ஆனால் இலக்கணத்தில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு வராது. "இடத்தைக் குறித்தால் பெயர்ச்சொல். வார்ப்பாயாக என்று பணித்தால் ஏவல் வினை. இரண்டும் உண்டு" என்று முனகினார்.

"தேவியார் கேட்டது ஏவல் வினை, மன்னா. தாங்கள் பெயர்ச்சொல் என்று எடுத்துக்கொண்டு அதற்கு வேலியும் போட்டுவிட்டீர்கள்" என்றான் கோணையன்.

ராஜா சிரிக்க வாயெடுத்தார். ராணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் ஆராயியின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"தூக்கத்துல என்ன கேட்டேன்னு எனக்கே தெரியல மகாராசா. இது கெணத்துத் தண்ணின்னு மட்டும் தெரியும். ஆராயி ஊத்தினதால இறங்குச்சு. எங்க தண்ணி வேற. எனக்கு அது வேணும், அது பக்கத்துல நிக்கணும். இங்க கொண்டாந்தா அது எங்க தண்ணி இல்ல. நான்தான் அங்க போகணும்."

"ராணி பொதுவழியில் குடம் எடுத்துப் போவதா!" என்று பிரதானி மறுபடியும் ஆரம்பித்தார். அவர் பேச்சு ராஜாவின் காதில் விழவே இல்லை. ராஜாவுக்கு வேறொரு பயம். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாத பயம். இவ்வளவு நாளும் அவளை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் அனுப்பாததற்குக் காரணமே அதுதான். சபை இருப்பதையும் மறந்து, அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"போனால் திரும்பி வருவாயா?"

ராணி அவரை ஆச்சரியத்தோடு பார்த்தாள். "குடம் நிறைஞ்சா வீட்டுக்குத்தானே வரணும், மகாராசா?" என்றாள்.

ராஜா சபையின் பக்கம் திரும்பினார். பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் ராணி ஒற்றைப்பாறைக்குப் போய்வரலாம், ஊற்று பழையபடி எல்லாருக்கும் பொது என்று தீர்ப்புச் சொன்னார். போட்ட கையாலேயே வேலியைப் பிரித்துவிட்டு வரும்படி பிரதானியை அனுப்பினார். முள் தைத்த விரல்களோடு திரும்பிய பிரதானியைப் பற்றி அதிகம் சொல்வானேன்!

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும் ராணி இடுப்பில் குடத்தோடு புறப்பட்டாள். துணைக்கு வந்த பணிப்பெண்கள் ஆளுக்கொரு குடம் எடுத்துக்கொண்டார்கள். ராஜா வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

காலை உணவில் ராஜாவுக்கு மனம் செல்லவில்லை. சபைக்கு வந்தார், வழக்குகளைக் கேட்காமலே தலையை ஆட்டினார். உச்சிவேளையில் தண்ணீர் கேட்டார். வந்தது. ஒரு வாய் குடித்தார், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"கோணையா, இந்தத் தண்ணீருக்கு என்ன வந்தது?"

"ஒன்றும் வரவில்லை மன்னா. அதே கிணறு, அதே கிண்ணம்."

ராஜா எழுந்து மேல்மாடத்துக்குப் போய்த் தெற்கு வழியைப் பார்த்தார். கோணையனும் பின்னால் போனான். வெயிலில் சாலை வெறிச்சென்று கிடந்தது.

"இந்நேரம் குடம் நிறைந்திருக்குமே?"

"வரிசை இருக்கும் மன்னா. தேவியார் கடைசியில்தான் நிற்பாராம்."

"வேண்டுமென்றேவா?"

"வேண்டுமென்றேதான்."

ராஜா தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "இங்கே என்னமோ செய்கிறது கோணையா. இது என்ன வியாதி? எதுவும் ருசிக்கவில்லை. கண் அந்தச் சாலையை விட்டு வரமாட்டேன் என்கிறது" என்றார்.

"மன்னா, தேவியார் இதை ஆறு மாதம் வைத்திருந்தார். தாங்கள் காலையிலிருந்துதான் வைத்திருக்கிறீர்கள்."

ராஜா திரும்பி அவனையே பார்த்தார். கோபம் வந்துவிட்டதோ என்று கோணையன் ஓரடி பின்வாங்கினான். ராஜா சிரித்தார். தம்மைப் பார்த்தே சிரித்தார். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொண்டும் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கோணையனின் கழுத்தில் போட்டார். பல்லக்கு வேண்டாம், குதிரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலாடையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கித் தெற்கு வழியில் நடக்க ஆரம்பித்தார்.

ராஜா சிரித்துக்கொண்டே போவதைக் கீழே நின்ற பிரதானி பார்த்தார். எதற்கென்று தெரியாவிட்டாலும் அவரும் சிரித்து வைத்தார். ராஜா அதற்குள் கோட்டை வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.